ஒப்பிட்டது சரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய தட்டச்சுப் பக்கங்களும் வந்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கு ஒரு முதல் வரி தேடியே பதினொரு நாளும் போய்விட்டது. சிரிக்காதே. முதல் வரிகளைப் பற்றியே நாற்பது பக்கம் எழுதியிருக்கிற பிள்ளைக்கு முதல் வரி எழுதுவது எனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று நினைத்துப் பார். மூன்று இன்லண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினேன். நலமாக இல்லாதவன் அப்படி எழுதலாமா என்று கிழித்தேன். மற்ற இரண்டும் அதைவிட மோசம். உன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "பெத்த பிள்ளைக்குக் கடுதாசி போட இத்தன யோசனையா? சாப்புட்டியா, தூங்குனியான்னு கேட்டு எழுதிப் போடுங்க" என்றாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா? நான் இரண்டும் சரியாகச் செய்யவில்லை.

உன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எனக்குப் புரிந்தவரை படித்தேன். நாவலின் முதல் வரி என்ன வேலை செய்கிறது, வாசிப்பவனை எப்படிக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது, எந்த முதல் வரிகள் மனதில் தங்குகின்றன, எவை மூன்றாம் பக்கத்திலேயே மறந்துபோகின்றன என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். முதல் பதினாறு பக்கங்களைப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் அந்த உப்பளத்து நாவல் வந்தது. சைகோனுக்குக் கப்பலேறிப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பாக்கியம் என்கிற உப்பளத்துப் பெண்ணின் கதை. அதன் முதல் வரியைப் பக்கத்தின் நடுவில் தனியாகத் தட்டச்சு செய்து, அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தாய்.

"அவன் வரமாட்டான் என்று தெரிந்த அன்றைக்குத்தான் பாக்கியம் கதவுக்கு எண்ணெய் போட்டாள்."

அதற்கப்புறம் பதினைந்து பக்கங்கள் இந்த ஒரு வரியைப் பற்றியே. வராதவனுக்கு எதற்குக் கதவு, எதற்கு எண்ணெய் என்று கேட்டு, அது அவளுடைய நம்பிக்கை என்று முடிவு கட்டுகிறாய். 'அன்றைக்குத்தான்' என்பதில் இருக்கும் அந்தத் 'தான்' என்ன செய்கிறது என்பதற்கு மட்டும் இரண்டரைப் பக்கம். தமிழ் நாவலில் இதற்கு இணையான தொடக்கம் இல்லை என்று கடைசியில் அடித்துச் சொல்லியிருக்கிறாய். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். விளிம்பில் வைத்ததில் அது கீழே விழுந்தது. பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

தம்பி, அந்த வரியை அந்த ஆசிரியர் எழுதவில்லை. நான் எழுதினேன்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அந்தத் 'தான்' போட்டபோது நான் யோசித்ததெல்லாம், வரி இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் பக்கம் நிரம்புமே என்பதுதான். எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி எடுத்துப் படி. பாதியில் மட்டும் விட்டுவிடாதே.

நான் நூலக வேலைக்கு வருவதற்கு முன் மேரியில் நகல் எழுதுகிறவனாக இருந்தது உனக்குத் தெரியும். நகராட்சி அலுவலகத்தை நம் ஊரில் இன்னும் மேரி என்றுதானே சொல்கிறோம், பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அந்தப் பெயர் போகவில்லை. பிறந்தது, இறந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் பெரிய பேரேடுகளில் இருக்கும். யாராவது வந்து கேட்டால் நகல் எடுத்துக் கொடுப்போம். ஒருவர் எழுதுவார். இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பார்த்த பிறகு அடியில் 'கொப்பி கொன்ஃபோர்ம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூலத்துக்கு ஒத்த பிரதி என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தை விழுந்துவிட்டால் கோர்ட்டும் கேள்வி கேட்காது. செத்தவன் செத்தவன்தான், பிறந்தவன் பிறந்தவன்தான். எழுதியவரும் ஒப்பிட்டவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்பது அங்கே சட்டம். ஆறு வருஷம் அப்படியே வேலை பார்த்தேன்.

நூலகத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நாவல்களுக்கு எப்போதும் முதல் பக்கம்தான் கிழியும். வேறு பிரதி இருக்கிற இடத்துக்குப் போய், பக்கத்தை அச்செழுத்து மாதிரி கையால் எழுதி வந்து ஒட்டி, அடியில் 'ஒப்பிட்டது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அங்கே எழுதியவனும் நான்தான், ஒப்பிட்டவனும் நான்தான். நம் சின்ன நூலகத்தில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? முதல் பக்கம் எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வாசகர்கள் யாருக்கும் புத்தகத்தின் பெயர் ஞாபகம் இருக்காது. முதல் வரியை வைத்துத்தான் கேட்பார்கள். தருமபுரத்திலிருந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் சனிக்கிழமை தவறாமல் வருவார். "சார், மழ பெய்யுதுன்னு ஆரம்பிக்குமே, அந்த புக்கு குடுங்க" என்பார். "எல்லா நாவலும் மழையிலதாம்மா ஆரம்பிக்குது, வேற ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க" என்பேன். "அதான் சார், கொடை மறந்துட்டு வருவாளே" என்பார். போய் எடுத்துக் கொடுப்பேன்.

இப்போது எழுபத்தேழாம் வருஷத்துப் புயலுக்கு வருகிறேன். நீ புகுமுக வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்த வருஷம். திருவேட்டக்குடியில் உன் சிநேகிதன் சேகருடைய அக்காவுக்குக் கல்யாணம் என்று சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாய். வானம் சரியில்லை, போகாதே என்று உன் அம்மா சொன்னாள். நான்தான், "போய்ட்டு வரட்டும், கடக்கரப் பிள்ளைங்களுக்குத் தெரியாத காத்தா" என்று அனுப்பினேன். அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருஷத்தில் எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எண்ண முடியாது. மறுநாள் புயல் கரை கடந்தது. நம் தெருவில் ஓடு தங்கிய வீடுகள் நான்கோ ஐந்தோதான். போஸ்ட் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. கடலோரக் குப்பங்களைத் தண்ணீர் வாரிக்கொண்டு போய்விட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். திருவேட்டக்குடி என்று ஒருவர் பெயர் சொல்லியே சொன்னார்.

அடுத்த நாள் காலையில் உன்னைத் தேடிக் கிளம்பினேன். இதுவரை யாரிடமும் சொல்லாத இடம் இதுதான். கோட்டுச்சேரிக்கு இந்தப் பக்கமே ரோட்டை அறுத்துக்கொண்டு வாய்க்கால் ஓடியது. செம்மண் நிறத்தில், நுரையோடு, செத்த ஆடு மாடுகளையும் கூரைக் கீற்றுகளையும் இழுத்துக்கொண்டு போனது. நான்கைந்து பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். "வாங்க சார், கயித்தப் புடிச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர் கையை நீட்டினார். நான் காலை வைத்தேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போதே அடிமண் நழுவியது. எடுத்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். அது காரணம் இல்லை. அந்தக் கயிற்றில் போனவர்களில் யாருக்கு நீச்சல் தெரிந்தது? பயந்துவிட்டேன், அவ்வளவுதான். செத்துப்போவேனோ என்பதைவிட, அந்தப் பக்கம் போனால் உன்னை எப்படிப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். ஒரு புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் மேல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வாசலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "போனீங்களா?" என்றாள். "போனேன்" என்றேன். "பாத்தீங்களா?" என்றாள். "எல்லாம் தேடிப் பாத்தேன். அவங்க வூடு இருந்த எடமே தெரியல. யாரும் இல்ல" என்றேன். போகாத இடத்தைப் போனேன் என்றும், பார்க்காததைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கும் அதற்கு மறுநாளும் வீட்டில் பேச்சே இல்லை. மழையில் ஊறி நம் வாசல் கதவு உப்பிவிட்டது. காற்றுக்கு அசையும்போதெல்லாம் கிரீச்சென்று இழுக்கும். அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேருமே நிமிர்ந்து பார்ப்போம், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொள்வோம். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து, முக்காலி போட்டு ஏறி, கீல் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டாள். கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. "இப்ப எதுக்கு இது?" என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவ சத்தம் கேக்கறப்பவும் அவன்தான்னு எந்திரிக்கிறேன். போதும்" என்றாள். என் சொல்லை நம்பித்தான் அவள் பிள்ளையை மறந்துவிடப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே நீ வந்துவிட்டாய். கல்யாணக் கூட்டத்தோடு எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்து மாடியில் தங்கியிருந்தீர்கள் என்று பிறகு சொன்னாய். யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் சேறு காய்ந்து, கூடத்து நடுவில் வந்து நின்றாய். நீ கதவைத் தள்ளியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் நீ நிற்கிறாய். உன் அம்மா "சேசுவே!" என்று போட்ட அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரோடு சுவராகப் பின்னால் நகர்ந்தேன். "அப்பா, நான்தாம்ப்பா, ஏன் பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?" என்று நீ சிரித்தாய். பேயைத்தான் பார்த்தேன், தம்பி. நீ செத்துவிட்டாய் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அடுத்த வாரம் நூலகத்தைத் திறந்தோம். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் தண்ணீரில் ஊறி, முதல் பக்கம் அட்டையோடு ஒட்டிக்கொண்டு கூழாகியிருந்தது. பக்கம் குறைந்த புத்தகங்களைத் தள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு. நாகப்பட்டினம், மாயவரம் என்று அலைந்து பிரதிகள் தேடி ஒவ்வொன்றாக எழுதி ஒட்டினேன். இந்த உப்பளத்து நாவலுக்கு மட்டும் எங்கேயும் பிரதி கிடைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அச்சான புத்தகம், போட்ட பதிப்பகமும் இல்லை. எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன், அதன் முதல் வரி எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராத முதல் வரி எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். இரண்டாம் பக்கம், "என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்" என்று தொடங்கியது. அதற்கு மேலே இருபத்திரண்டு வரி வேண்டும். பேனாவை எடுத்தேன். உன் அம்மா முக்காலியில் ஏறி நின்றது கண்ணில் நின்றது. அந்த வரி அப்படியே வந்தது. மீதி இருபத்தொன்றும் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை, ஏதோ நிரப்பினேன்.

அடியில் 'ஒப்பிட்டது சரி' என்று எழுதியது கைப்பழக்கத்தில் என்று உன்னிடம் சொல்லிவிடலாமா என்று இந்தப் பதினொரு நாளும் யோசித்தேன். அது பொய். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எழுதாவிட்டால் புத்தகம் போய்விடும் என்று தோன்றியது. இந்த மாதத்தில் இதைவிடப் பெரிய பொய் சொல்லியாகிவிட்டதே என்றும் தோன்றியது. எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு மாதத்தில் நர்ஸ் சிஸ்டர் வந்து, "சார், கதவுக்கு எண்ணெ போடுவாளே, அந்த புக்கு இருக்கா?" என்றார். அவர் மூன்று தடவை எடுத்துப் போனார். அவர் சொல்லிப் பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள். யாராவது எண்ணெய் என்று வாயெடுத்தாலே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். தபஸ் காலத்தில் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, என் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். "சாமி, மத்தவங்க பேருல ஒரு வரி போட்டுட்டேன்" என்றேன். "என்ன வரி? வூட்டு வரியா, தண்ணி வரியா?" என்றார். "இல்ல சாமி, கதையில ஒரு வரி." "யாருக்காச்சும் நஷ்டமா?" என்றார். "இதுவரைக்கும் இல்ல சாமி" என்றேன். "அப்ப மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ, வரிசை நிக்குது" என்றார். வாய்க்கால் விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை. சின்னப் பாவத்தைச் சொல்லிப் பெரிய பாவத்துக்கும் சேர்த்து மன்னிப்பு வாங்கப் பார்த்தேன்.

நஷ்டம் அப்புறம்தான் வந்தது. பட்டப்படிப்பை முடித்த விடுமுறையில் நீ நூலகத்துக்கு வந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாய். ஜன்னலோரம் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாய். திருப்பாமல் மறுபடி படித்தாய். என்னிடம் வந்து, "அப்பா, இப்படி ஒரு வரி எழுத முடியும்னா நான் தமிழ்தாம்ப்பா படிக்கணும்" என்றாய். பாரீஸில் இருக்கும் உன் மாமா விசாவுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம் அது. எல்லாவற்றையும் வேண்டாம் என்றாய். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் நீ வேறு எங்கேயோ வேறு ஆளாக இருந்திருப்பாய். பயந்துதான் பேசாமலிருந்தேன். ஆனால் முழுக்கப் பயம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். என் பிள்ளை நான் எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கண் கலங்கி நிற்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நினைத்துத்தான் இப்போது அதிகமாக வெட்கப்படுகிறேன். பிறகு நூலகத்தில் பழையவற்றைக் கழித்தபோது அந்தப் புத்தகத்தை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். வேறு பிரதி இருக்கிறதா என்று நீ தேடவே இல்லை. ஏன் தேடுவாய்? அடியில் உன் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது.

அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் இந்த இயலை வாசிக்கப் போகிறாய், அந்த ஆசிரியரையே நேரில் போய் அழைத்துவிட்டாய், அவரும் வர ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. அவரிடம் பிரதிகூட இல்லை, "என்ன எழுதுனேன்னே மறந்துபோச்சே தம்பி" என்று சிரித்தார், அதனால் வரியை அன்று மேடையில்தான் சொல்லி ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்கிறாய். எண்பதை நெருங்கும் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீ வாசிப்பாய். "இது நான் எழுதலையே" என்று அவர் சொன்னால் உன் நெறியாளர் முன்னால், உன் நண்பர்கள் முன்னால் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே முடியவில்லை. மறதியில் அவர் சரியென்று தலையாட்டிவிட்டால் அது அதைவிட மோசம், அப்புறம் யாராலும் அதைத் திருத்த முடியாது.

அதனால் இந்த வாரம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. விசாரித்து விசாரித்து, பூவத்தில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் அந்த நாவல் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அந்தக் காலத்து சொல்தா, பட்டாளத்து மனுஷர், மிடுக்குக் குறையவில்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். "இரவல் மட்டும் கேக்காதீங்க. ஒரு தடவ குடுத்து மொத பக்கம் இல்லாம திரும்பி வந்துச்சு ஒரு புக்கு. இங்கயே உக்காந்து எவ்வளவு நேரம் வேணா பாத்துக்குங்க" என்றார். அவர் எதிரில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். மூல நாவலின் முதல் வரி இதுதான்: "சித்திரை மாதம், வெயில் கடுமையாக இருந்தது."

அதற்குப் பதினைந்து பக்கம் எப்படி எழுதுவாய் என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பென்ஷன்காரர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பக்கத்தை முழுதாக நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அடியில் நான் கையெழுத்துப் போடவில்லை, கவனித்துப் பார். அவர் புத்தகத்தைத் தரமாட்டார், நீயே நேரில் வந்து ஒப்பிட்டுக்கொள். ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். அந்தப் பதினைந்து பக்கத்தை எடுத்துவிடு, அல்லது எடுக்காமல் நடந்ததை நடந்தபடி எழுது, என் பெயரைப் போட்டே எழுது. உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்றுதான். யார் கையெழுத்து இருந்தாலும் ஒரு தரம் ஒப்பிட்டுப் பார். அப்பன் கையெழுத்து என்றால் இரண்டு தரம் பார். நாளைக்கு நீயும் வாத்தியாராகி ஆயிரம் தாளில் கையெழுத்துப் போடுவாய். பார்க்காததைப் பார்த்தேன் என்று மட்டும் போட்டுவிடாதே. ஒன்று போட்டால் அடுத்ததற்குக் கை கூசுவதில்லை, நான் ஒரே மாதத்தில் இரண்டு போட்டவன். இதைப் படித்த பிறகு, உன் பிறந்த தேதியையாவது இவர் சரியாகச் சொல்லியிருப்பாரா என்று உனக்குச் சந்தேகம் வரலாம். அந்தத் தேதி சரிதான், மேரியில் வேறு ஒருவர் ஒப்பிட்டிருக்கிறார்.

இதுவரை நேற்று எழுதினேன். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் இதை உறையில் போட்டு ஒட்டக் கூடாது என்று எழுதும்போதே முடிவு செய்திருந்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இன்று காலை வாசித்தேன். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒரு தரம்கூட மிதிக்கவில்லை. வாய்க்கால் வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். முடித்த பிறகு துணியை நீவி மடித்து வைத்தாள்.

"நீங்க போகலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"வேட்டி முட்டிக்கு மேல காஞ்சு கெடந்துச்சு. கோட்டுச்சேரியில இடுப்பளவு தண்ணின்னு எல்லாரும் சொன்னாங்களே."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டு? பயந்து வந்த மனுசன மறுபடி தண்ணிக்குள்ள அனுப்பச் சொல்றீங்களா? ரெண்டு பேரையும் பறிகுடுக்கவா?"

"அப்ப கதவுக்கு எண்ணெ?" என்றேன்.

"அது அவன் வரமாட்டான்னு போட்டது இல்லங்க. நீங்க போகமாட்டீங்கன்னு போட்டது. விடியக்காலைல உங்களுக்குத் தெரியாம நானே கெளம்பிப் போயிரலாம்னு இருந்தேன். கதவு கத்துனா நீங்க முழிச்சு மறிப்பீங்களே. அதுக்குள்ள புள்ள வந்துட்டான்."

ஆக, அந்த வரி புத்தகத்திலும் இல்லை, நம் வீட்டிலும் இல்லை. இரண்டு இடத்திலும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பதினைந்து பக்கத்தில் நீ எழுதிய நம்பிக்கை மட்டும் எப்படியோ சரியாக இருந்திருக்கிறது. எண்ணெய் போட்டவள் நம்பித்தான் போட்டிருக்கிறாள்.

போன லீவில் வந்தபோது அந்தக் கதவு கத்துகிறதென்று நீ எண்ணெய்க் குப்பியை எடுத்தாய், உன் அம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள், ஏன் என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக யாரையும் அவள் அந்தக் கீலைத் தொட விட்டதில்லை. இன்று நான் கேட்டேன். "அன்னிக்கு அவன் உள்ள வந்து நின்னது எனக்குக் கேக்கலையே" என்றாள்.

கருத்தரங்குக்கு முன்னால் ஒரு தரம் வா. என்மேல் இருக்கும் கோபத்தோடேயே வா, அதற்காக வராமல் இருந்துவிடாதே. எனக்கு இப்போது மிச்சமிருக்கிற பயம் அது ஒன்றுதான். பூவத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம், நான் உரக்கப் படிக்கிறேன், நீ ஒப்பிட்டுப் பார். எந்த வண்டியில் வருகிறாய் என்று தந்திகூட வேண்டாம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வா, எங்களுக்குக் கேட்கும்.

கையெழுத்துப் போடக் கை கூசுகிறது. போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருப்பது என் எழுத்து இல்லை.

உன் அப்பா

ஒப்பிட்டது சரி
அம்மா